பரிவட்டத்தை அவிழ்த்தவர்

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அந்த வாயை மூடிக்கொண்டு ஒரு சித்திரை மாதம் முழுக்க ஒரு மனிதருக்காகக் காத்திருந்தேன். மதராஸ் ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவருக்கு வெள்ளைக்காரன் 'சர்' பட்டம் கொடுத்திருக்கிறான், அவர் வெயிலுக்குப் பயந்து எங்கள் கொல்லிமலைக்கு வருகிறார் என்று செம்மேட்டுச் சந்தையில் பேச்சு.

என் வீட்டுக்காரர் அப்போது ஜெயிலில் இருந்தார். தினைக்காட்டில் கொடுவாளைப் பிடுங்க வந்த ஃபாரஸ்ட் காவலனைத் தள்ளிவிட்டார். அவன் பாறையில் விழுந்து செத்தான். சேலத்தில் ஆயுள் தண்டனை, மதராஸில் அப்பீலும் தள்ளுபடி. ஒரு கூரையில் நாங்கள் இருந்தது ஒன்பதே மாதம். அவர் போர்வையைத் துவைக்காமல் வைத்திருந்தேன், வாசனை போய்விடுமே என்று. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்!

ஊர்க்கவுண்டர்தான் யோசனை சொன்னார். "அந்த ஜட்ஜு சாமிக்குக் கோயில்ல பரிவட்டம் கட்டிருவோம் கண்ணு. அப்பறம் உன்ற வழக்கக் கேட்டுத்தான ஆகோணும்?"

எங்கள் மலைநாட்டுக் கட்டுப்பாடு அது. தலையில் பட்டுத்துணி கட்டிக்கொண்டவர், அங்கேயே உட்கார்ந்து வழக்குக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். சொல்லாமல் அவிழ்த்தால் வழக்கு முடியாமலே நிற்கும். மதராஸ் நீதிபதிக்கும் இது தெரிந்திருக்கும் என்று நம்பினோம்.

டோலியில் வந்து இறங்கினார். சேலத்தில் வெள்ளிப் பேழையில் வாழ்த்துப் பத்திரம் வாசித்துக் கொடுத்தார்களாம். பேழைக்கு நாங்கள் எங்கே போவோம்? தேனும் வாழைத்தாரும் வைத்து, கவுண்டர் பரிவட்டம் கட்டினார். "எல்லாப் பட்டத்தையும்விட இதுதான் எனக்குப் பெரிது" என்று நீதிபதி சிரித்தார். நல்ல முகமாகத்தான் தெரிந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

ஓடிப்போய்க் காலில் விழுந்தேன். "சாமி, என்ற ஊட்டுக்காரர உட்டுருங்க!"

கவுண்டர் கட்டுப்பாட்டை எடுத்துச் சொன்னார். நீதிபதி என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார், காவலன் செத்த விதத்தைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் சிரிப்புப் போய்விட்டது.

"அம்மா, அந்த அப்பீலைத் தள்ளிய இரண்டு பேரில் நானும் ஒருவன். கொடுத்த தீர்ப்பை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை."

"அடப் பாவி!" என்று கத்திவிட்டேன். என்னை இழுக்க வந்த சேவகர்களை அவர் தடுத்தார். பரிவட்டத்தைத் தன் கையாலேயே அவிழ்த்து மடித்து என்னிடம் கொடுத்தார். "தீர்த்துவைக்க முடியாதவனுக்கு இது ஆகாது." டோலியில் ஏறாமல் நடந்தே போனார். நான் மண்ணை வாரித் தூற்றினேன். அந்த வயிற்றெரிச்சல் இன்று ஆறிவிட்டது என்றால் பொய்.

பிறகு எழுத்துக் கற்றேன், வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதத்தான். நாலு கடிதம் போயிற்று. ஐந்தாவதற்கு முன் ஜெயிலிலிருந்து கார்டு வந்தது: காய்ச்சலில் இறந்துவிட்டாராம், அங்கேயே புதைத்துவிட்டார்களாம்.

எங்கள் மலையில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்ளலாம். மாப்பிள்ளையும் பார்த்துவிட்டு, என் தாலியைக் கழற்றி வாங்கப் பெண்கள் கவுண்டரோடு வந்தார்கள். நான் அந்தப் பட்டுத்துணியை எடுத்து அவர்கள் முன்னால் விரித்தேன்.

"தீர்ப்புச் சொல்லாம அவுத்தது இது. வழக்கு இன்னும் முடியலீங்க."

கவுண்டர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினார். "ஆமாங்க, கட்டுப்பாடு அதானுங்க" என்றார். அவர்கள் எழுந்து போனார்கள்.

போர்வையில் வாசனை போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. தாலி என் கழுத்தில்தான் இருக்கிறது.