வடிகுழாயும் அப்பாவின் வாக்குமூலமும்

1986 ஜனவரி 18, சனிக்கிழமை. மொன்றியல், கார்ட்டியர்வில். வெளியே கடுங்குளிர். காலையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றிருந்தது. வீட்டில் இருந்தோர்: பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, கைக்குழந்தையான தங்கை, நான். மதியத்துக்கு முன் ஃபர்னஸ் மீண்டும் எரிந்தது. பழுது: வடிகுழாயில் அடைப்பு. பாகங்கள் எவையும் மாற்றப்படவில்லை.

வெப்பவியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்தப் பதிவில் ஒரு சொல்லையும் திருத்த வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்வேன். சென்ற மாதம் அப்பா காலமானார். ஆகவே இதில் விடுபட்டதை எழுதிவைக்கிறேன்.

வீடு பெரியப்பாவுடையது. எங்களை இந்நாட்டுக்கு அழைப்பித்துக் கீழ்த்தளத்தில் தங்கவைத்திருந்தவர் அவர். ஃபர்னஸ் புதியது, அவருடைய பெருமை. புகையோடு வெளியேறும் சூட்டையும் விடாமல் கறந்துவிடும் வகை. அப்போது புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகி, ஒரு மெல்லிய குழாய்வழியே தரையிலுள்ள வடிகாலுக்குப் போகும். "கீழை ஒண்டையும் தொடப்படாது" என்பது பெரியம்மாவின் ஒரே சட்டம். மற்றவற்றை அவர் அறிவுரை என்றே சொல்வார்.

அப்பா ஊரில் பௌதிக ஆசிரியர். சென்ட் லோரன்டில் பெரியப்பா வேலைசெய்த தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் இடமொன்று காலியாக இருந்தது. திங்கட்கிழமை அதற்கு அப்பாவைச் சிபாரிசு செய்வதாக அவர் வாக்களித்திருந்தார். அந்த வாரம் முழுவதும் அப்பா சீட்டியடித்தபடிதான் சவரம் செய்தார்.

"தம்பி, இறங்கிப் பார். மெசின் வேலை தெரிஞ்சவன் எண்டு உன்னைச் சொல்லப்போறன். முதல்லை இதை எழுப்பிக் காட்டு" என்று மேலிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார்.

அப்பா ஒழுங்காகவே தொடங்கினார். காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. வெளியே போய்ப் புகைக்குழாயின் வாயிலிருந்த பனியைத் தட்டிவிட்டு வந்தார். விசிறி சுழன்றது, ஏதோ சொடுக்கியது, நெருப்பு மட்டும் வரவில்லை. பெட்டிக்குள் களக் களக் என்றது.

"தண்ணி உள்ளுக்கை நிக்குது" என்றார் அப்பா.

அப்பாவோடு நின்ற நான், அந்த மெல்லிய குழாய் போன வழியே தேடிப்போனேன். அது வடிகாலுக்குப் போகவில்லை. ஃபர்னஸின் பின்புறம், ஒடுங்கிய வாயுள்ள ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியிருந்தது. சிந்தாமல் இருக்கக் கானின் வாயைச் சுற்றித் தங்கையின் பழைய சட்டை இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், சூட்டுக்காக அங்கே குளிர்காலம் கழித்துக்கொண்டிருந்த அம்மாவின் கறிவேப்பிலைச் செடி நின்ற சாடி. பைப் தண்ணீரில் மருந்து வாடை, இதுவோ மழைத்தண்ணீர் மாதிரி என்று அம்மா அதைச் சேர்த்துச் செடிக்கு ஊற்றிவந்திருந்தார். அந்தத் தண்ணீரில் அமிலம் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. கான் நிரம்பினால், வழிய இடமில்லாமல் தண்ணீர் திரும்பி ஃபர்னஸுக்குள்ளேயே ஏறும் என்பதும் தெரியாது. அப்படி ஏறினால் நெருப்பைப் பற்றவிடாத பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்று உள்ளே இருக்கிறது. அது தன் கடமையைச் செய்திருந்தது.

துணியைப் பிடுங்கிக் குழாயை வெளியே இழுத்தேன். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. சற்று நேரத்தில் நெருப்புப் பற்றிக்கொண்டது.

"கண்டுபிடிச்சிட்டன்!" என்று கத்தினேன். அப்பா குழாயை வடிகாலுக்குள் விட்டார். கானைத் துணியோடு எடுத்துக் கட்டிலின் கீழே தள்ளினார். பிறகு எனக்கு முன்னால் படியேறினார்.

"என்ன பிழையாம்?" என்றார் பெரியப்பா.

"அண்ணை, நேற்று நான் எப்பிடி வேலைசெய்யுது எண்டு கழட்டிப் பார்த்தனான். தண்ணிக் குழாயைப் பிழையாக் கொழுவிப் போட்டன்."

பெரியம்மா அம்மாவைத்தான் முதலில் பார்த்தார். பிறகு அப்பாவை. "படிப்பிச்ச மாஸ்ரர்! பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு, விறைச்சுச் செத்திருப்பம்."

"ஒரு குழாயைக் கொழுவத் தெரியாத உன்னை நம்பி மெசினைக் குடுங்கோ எண்டு நான் எந்த முகத்தோடை சொல்லுறது?" என்றார் பெரியப்பா.

தங்கையை ஏந்தி நின்ற அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பிள்ளைக்குக் குளிருது. நல்லாச் சுத்திப் பிடியும்" என்றார் அப்பா.

திங்கட்கிழமை பெரியப்பா தொழிற்சாலையில் யாரிடமும் அப்பாவைச் சிபாரிசு செய்யவில்லை. அப்பா கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குப் போனார். ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார். குடும்ப விருந்துகளில் எந்த மின்விளக்கு அணைந்தாலும் "மாஸ்ரர் தொட்டவரோ?" என்று பெரியப்பா கேட்பார். முதலில் சிரிப்பவர் அப்பாவாகவே இருப்பார்.

எனக்கோ அன்று அடங்காத கோபம். என் கண்டுபிடிப்பை அப்பா திருடிவிட்டார். திருடியதையும் பிழையாகச் சொல்லிவிட்டார். படுக்கப்போகும்வரை அவரோடு கதைக்கவில்லை. ஃபர்னஸ் ஏன் நின்றது என்பது எனக்கு முழுமையாக விளங்கியிருந்தது. அம்மா அந்த வீட்டில் ஏச்சு வாங்காமல் இருப்பதற்கு அப்பா எதைக் கொடுத்தார் என்பது விளங்கவில்லை.

இன்னும் செய்யாதவை:

– அப்பாவின் ஓய்வூதியத்தை நிறுத்தும்படி அறிவித்தல்.
– அவருடைய குளிர்ச் சப்பாத்துகளை யாருக்காவது கொடுத்தல்.
– அன்று பிழை விட்டவர் அப்பா இல்லை என்று பெரியப்பாவிடம் சொல்லுதல்.
– அதற்கு முன், சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டல்.