வேகத்தைக் குறைக்க வந்தவர்

சிவகாசியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வருபவர் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று திருப்புளிகள் இருக்கும். பெட்டியைத் திறக்கும் முன், காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன்மேல் புறங்கையை வைப்பார்.

மகள் கல்லூரி புராஜெக்டைக் கொடுக்க நான்கு நாள் இருந்தது. ஒரு பக்கம் திறக்க நாற்பது எண்ண வேண்டியிருக்கிறதே என்று அவரை நச்சரித்தேன். ஏதோ செய்தார், முப்பது எண்ணுவதற்குள் திறந்தது.

மறுநாள் உச்சி வெயிலில், கூப்பிடாமலே சைக்கிளில் வந்து நின்றார்.

“மன்னிச்சிருங்க சார், தப்புப் பண்ணிட்டேன். இந்த பிராசசருக்கு ஒன்னே முக்கால் வோல்ட்டுதான் கணக்கு. வேகத்துக்காகக் கூட்டி வச்சிட்டேன்.”

“நல்லாத்தானே ஓடுது?”

“காலையில ஓடும் சார். இந்த வெயில்ல எழுபது டிகிரியத் தாண்டியே ஓடிக்கிட்டிருந்தா நாலு நாள்ல கருகிப்போகும். பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குறவுக வெயில் ஏறுமுன்ன வேலைய முடிச்சிருவாக. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு எனக்கு அது தோணலையே! ராத்திரி தூக்கமே இல்ல.”

பெட்டிமேல் புறங்கையை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். திரையில் எழுபத்தாறு என்று காட்டியது. எல்லாவற்றையும் பழையபடி குறைத்து வைத்தார். மறுபடியும் நாற்பது எண்ணினேன்.

“நல்லா ஓடுனதக் கெடுத்துட்டீகளே!” என்றேன்.

“மன்னிச்சிருங்க சார்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

மகள் குறித்த நாளில் புராஜெக்டைக் கொடுத்தாள். அந்தக் கம்ப்யூட்டர் மேலும் ஐந்து கோடை ஓடியது. அன்று அவர் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது மன்னிப்பை நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.