சாவி போட்டால்தான் புள்ளி

என் தாய்மாமனுக்குப் பட்டறை வட்டாரத்தில் பெயர் பியூஸ். கார்களுக்கு வயரிங் பார்ப்பவர். கோபம் வந்தால் பட்டென்று பியூஸ் போய்விடும், அடுத்த நிமிடமே சரியாகிவிடும் என்பதால் அந்தப் பெயர். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துத்தான் வேலை செய்வார். முழுவதும் திறந்தால் கடன் கேட்க வருகிறவர்கள் நிமிர்ந்து வருவார்களாம். குனிந்து வருகிறவன் கொஞ்சம் பணிவாகக் கேட்பானாம்.

அப்பாவின் கார் எனக்கு மூத்தது. ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பி, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி. அம்மா அதற்கு 'மூத்தாள்' என்று பெயர் வைத்திருந்தாள். "மூத்தாள துடைச்சு முடிச்சாச்சுன்னா இளையவ சோறு போடலாமா?" என்பாள். அந்தக் காரில் மாமாவைத் தவிர வேறு யாரும் கை வைக்க அப்பா விட்டதில்லை. விட்டபின் திட்டாமலும் இருந்ததில்லை.

அப்பாவுக்கு மறதி வந்தது. மளிகைக்குப் போனவர் வழி தெரியாமல் ஒரு பெட்ரோல் பங்க்கில் உட்கார்ந்திருந்தார். சாவியை ஒளித்தால் வீடு இரண்டாகும். கார் எங்கே இருக்கிறதென்று போனில் காட்டும் ஒரு டிராக்கரை நான் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பினேன். நேரில் செய்ய முடியாததையெல்லாம் பார்சலில் அனுப்புவதுதான் எங்களைப் போன்றவர்களின் வழக்கம். அளவு சின்னதாக இருக்க வேண்டும் என்று பார்த்தேனே தவிர, உள்ளே அதற்கென்று பேட்டரி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இல்லை. காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்தால்தான் உயிர்.

மாமா அதை ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால், சிக்னலைத் தகரம் மறைக்காத இடமாகப் பார்த்து ஒட்டினார். பாதி வேலையில் அப்பா வந்து நின்றுவிட்டார்.

"என்னடா மச்சான், உள்ள என்ன நோண்டுற?"

"எலி வயர கடிச்சிருக்கு அத்தான்."

"எங்க வீட்டு எலியா, உங்க அக்கா கூட வந்த எலியா?"

"அக்கா கூட வந்தது நான் ஒருத்தன்தான்."

"அப்ப சரி, எலி நீதான்" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனாராம். இதைச் சொல்லும்போது மாமா அப்படிச் சிரித்தார்.

அன்றிலிருந்து என் போனில் ஒரு நீலப் புள்ளி. அலுவலகக் கூட்டத்தில் மேசைக்கடியில் வைத்துப் பார்ப்பேன். புள்ளி வீட்டில் நின்றால் மூச்சு சீராகும்.

ஆனால் பழைய பேட்டரி. வாரம் முழுக்க கார் சும்மா நிற்க, டிராக்கர் மட்டும் இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் கார் கிளம்பவில்லை. மாமா சார்ஜ் போட்டுக் கொடுத்தார். மறுபடியும் கிளம்பவில்லை. தெருவே பார்க்க அப்பா தனியாகத் தள்ளினார். மூச்சிரைத்துப் படியில் சாய்ந்துவிட்டார். "நீ கை வச்சதுலேர்ந்துதான்டா இது செத்துச் செத்துப் பொழைக்குது" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்லவும் முடியாது.

மாமா எனக்கு போன் செய்தார். "பாப்பா, இதை பேட்டரிலேர்ந்து எடுத்து சாவி லைன்ல குடுத்துடறேன். சாவி போட்டா மட்டும் வேலை செய்யும், புள்ளி பச்சையா மின்னும். நிறுத்துனா, கடைசியா நின்ன எடத்தையே காட்டிட்டு இருக்கும்."

"நின்ன எடம் தெரிஞ்சா போதும் மாமா."

இருவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கோடையில் ஒரு நாள் அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்ததும் நான் பார்த்தேன்: புள்ளி ஊருக்கு வெளியே மேட்டு ரோட்டின் உச்சியில் நின்றிருந்தது. மாமா ஸ்கூட்டரில் போனார். அங்கே கார் இல்லை. மைல்கல்லும் வெயிலும்தான் இருந்தன.

"புள்ளி அங்கதான் காட்டுது மாமா!"

"நான் புள்ளி மேலதான்மா நிக்கிறேன்."

யாரோ டிராக்கரைப் பிடுங்கிவிட்டுக் காரைத் திருடி, அப்பாவை எங்கோ இறக்கிவிட்டிருக்க வேண்டும் என்றது போலீஸ். உச்சியைச் சுற்றியே தேடினார்கள். புதரை விலக்கினார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். அன்று முழுக்கப் புள்ளி அசையவில்லை. நானும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் காலை மாமா அதே உச்சியில் ஸ்கூட்டரை நிறுத்தி, கீழே இறங்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்பா இறக்கத்தில் இன்ஜின் போட்டு ஓட்டுகிற ஆளே இல்லை. பெட்ரோல் மிச்சம் என்று உச்சியில் சாவியைத் திருப்பிவிட்டு, நியூட்ரலில் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போவார். புள்ளி காட்டியது கார் நின்ற இடம் அல்ல. சாவியைத் திருப்பிய இடம்.

மாமா ஸ்கூட்டரையும் இன்ஜினை அணைத்து உருட்டினார். அடிவாரத்தில் புது பைபாஸ் வலப்பக்கம் வளைந்து ஏறியது. நேரே, மில் மூடியபின் யாரும் போகாத பழைய ரோடு. அப்பா முப்பது வருடம் வேலைக்குப் போன வழி. ஸ்கூட்டர் அதில் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. காருக்குக் கனம் அதிகம், இன்னும் போயிருக்கும் என்று, நின்ற இடத்திலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தார்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: புள்ளி துள்ளியது. உச்சியிலிருந்து அடிவாரத்தைத் தாண்டி, பழைய ரோட்டில் போய் உட்கார்ந்து, பச்சையாக மின்னியது. பச்சை என்றால் சாவி போட்டிருக்கிறது.

முதலில் அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, அப்பா வண்டிய எடுத்துட்டாரு!" என்று கத்தினேன். அம்மா அழுதுகொண்டே கேட்டைத் திறக்க ஓடும் சத்தம் கேட்டது. பிறகு மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, பழைய ரோட்டுல இருக்காரு, சீக்கிரம் போங்க!"

"இங்கதான்மா இருக்கேன்."

"அப்பாகிட்ட குடுங்க."

மறுமுனையில் ஒரு காக்கை மட்டும் கத்தியது.

"சாவிய நான்தான் போட்டேன் பாப்பா" என்றார். "கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டிருக்கு. நேத்து வெயில்லேயே... ஒடம்பு ஆறிப் போச்சு. எனக்கு வாயில சொல்ல வரல. புள்ளிய பாத்தா நீயே புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்."

திரையில் புள்ளி இன்னும் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

"அக்காவுக்கு எதுவும் சொல்லலியே?"

"வண்டி கிளம்பிடுச்சுன்னு சொல்லிட்டேன் மாமா. கேட்டத் தொறந்து வச்சிட்டு நிக்கிறாங்க."

"ஐயோ" என்றார், மெதுவாக. பிறகு, "போன வச்சிராத. நான் அக்காகிட்ட போய்ச் சேர்ற வரைக்கும் எங்கிட்ட எதையாவது பேசிட்டே வா" என்றார்.