ஐம்பத்தொன்பதாம் கோடு

இந்த நாட்டில் மதியம் பன்னிரண்டு மணியானால், எதிரே வருகிறவர் "மால்சைட்" என்பார். சாப்பாட்டு நேரம் என்று பொருள்; அதையே வணக்கமாகச் சொல்கிறார்கள். மாடிப்படியில் சொல்வார்கள், கழிப்பறைக் கதவைத் திறந்துகொண்டு வரும்போதும் சொல்வார்கள். ஜெர்மனிக்கு வந்து நான்கு வருடமாகியும், அந்த இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்பது எனக்குப் பழகவில்லை. அன்று பேராசிரியர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அதைச் சொன்னார். அதே மூச்சில், "அந்த ஐம்பத்தொன்பதைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள்" என்றார்.

எங்கள் ஆய்வுகூடத்தில் நடப்பது உடைக்கும் வேலை. அறுபது கரிம அணுக்கள் பந்துபோலக் கூடி நிற்கும் ஒரு கூண்டு. பார்வைக்கு வெறும் கரித்தூள். அதைச் சூடாக்கி ஆவியாக்கி, மின்னேற்றி, வேகப்படுத்தி, ஹீலியம் வாயுவுக்குள் எய்கிறோம். மோதலில் கூண்டு கொதித்து, அணுக்களை இரண்டிரண்டாகக் கழற்றிவிடும். திரையில் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு, ஐம்பத்துநான்கு என்று இரட்டை எண்களில் கோடுகள் எழும்பும். இரண்டிரண்டாக மட்டுமே கழலும் என்றுதான் எங்கள் கட்டுரையும் சொன்னது. ஆனால் ஐம்பத்தொன்பதில் ஒரு சின்னக் கோடு நின்றது. கூண்டு சூடாகுமுன்பே ஒற்றை அணுவொன்று நேரடியாக அடிபட்டுத் தெறித்திருக்க வேண்டும். பேராசிரியர் அதைக் கருவியின் அழுக்கு என்றார். நான் வாயுவை நிறுத்திப் பார்த்தேன், கோடு மறைந்தது. திறந்தேன், திரும்ப வந்தது. அழுக்கு அப்படி வராது.

அடுத்த மாதம் என் விசா முடிகிறது. அதை நீட்டிக்க அவருடைய கடிதம் வேண்டும். கோட்டை அழித்தேன். இரண்டு சொடுக்கு, அவ்வளவுதான். பிறகு கையில் ஒட்டியிருந்த கரியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். கரி போய்விட்டது, நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

எனக்கு அப்பாவைத்தான் நினைவு வந்தது. அவர் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர். எங்கள் வீடு இருக்கும் கல்லடியிலிருந்து தினமும் அவ்வளவு தூரம் போய் வருவார். நான் உயர்தரம் படித்த வருடம் வாவியில் மீன் செத்து மிதந்தது. கரையெல்லாம் வெள்ளை வயிறுகள். நாற்றம் சோற்றுக்குள்ளும் வந்தது. இறால் பண்ணையொன்றின் கழிவுதான் காரணம் என்று மீனவர்கள் சொன்னார்கள். அப்பா தண்ணீரை எடுத்துச் சோதித்து, அதுதான் உண்மை என்று வீட்டில் சொன்னார். ஒரு கிழமை கழித்து, "அதிக வெப்பத்தால் இறந்தன" என்று அதிகாரி கொண்டுவந்த தாளில் கையெழுத்து வைத்தார். அடுத்த மாதமே வீட்டுக்குப் பக்கத்திலேயே, கல்லடிக்கு, இடமாற்றம் வந்தது. "நீங்க தொட்ட சோறு எனக்கு வேணாம்" என்று சொல்லிச் சோற்றுக் கோப்பையைத் தள்ளினேன். பல்கலைக்கழகம் போகும்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த ஊழல் நம் நாட்டு மண்ணில் மட்டும்தான் முளைக்கும் என்று நம்பித்தான் விமானம் ஏறினேன்.

கோட்டை அழித்த அன்று பின்னேரம் அப்பாவுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்டைக்கு நீ கோவிச்சது சரி மகள்," என்றார். "கையெழுத்து வெச்சதுக்கு, அம்மாக்கு உடம்பு ஏலாது, பள்ளிக்கூடம் தூரம் எண்டு சொல்லித் திரிஞ்சன். எல்லாம் சாட்டு. கட்டுரைய அனுப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்லப்பா."

"அப்ப ஏன் என்னோட கதைச்சிட்டு நிக்கிறாய்? போ."

மறுநாள் பேராசிரியரின் அறைக்குப் போனேன். "இஹ் ஷேமெ மிஹ்" என்று தொடங்கினேன். எனக்கு வெட்கமாக, அவமானமாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் சிரித்தார். "உங்கள் ஜெர்மன் நன்றாகத்தானே இருக்கிறது, கூச்சப்படாதீர்கள்!"

ஆங்கிலத்துக்கு மாறினேன். கோட்டைத் திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் என் பெயரை எடுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. யோசித்துவிட்டு, என் பெயரை எடுத்தார். விசாக் கடிதத்தையும் சொன்ன நாளில் தந்தார். அதில் என்னை "மிகவும் நேர்மையான ஆய்வாளர்" என்று எழுதியிருந்தார். அதைக் கிழிக்கத்தான் நினைத்தேன். கிழிக்காமல் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்தேன். விசா அட்டை வந்தது.

அழிக்காத படத்தை அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். "எந்தக் கோடு?" என்று கேட்டார். வட்டமிட்டுக் காட்டினேன். சந்திக் கடையில் அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டிவிட்டாராம். வருகிறவர்கள் மகளுக்குக் கிடைத்த சான்றிதழ் என்று நினைக்கிறார்களாம். இங்கே அந்தக் கோடில்லாத படம், பெரிதாக, எங்கள் மாடியின் சுவரில் தொங்குகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அதன் முன்னால் நின்று தலையாட்டுகிறார்கள். உண்மையான படம் அதைப் படிக்க ஆளில்லாத கல்லடி வீட்டில் இருக்கிறது. நான் அந்த விசா அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, பொய்ப் படத்தைக் கடந்து தினமும் வேலைக்குப் போகிறேன்.