விழுந்த இடத்தில் நிறுத்துவதில்லை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், ஸ்ரீவராகத்தில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போர் நடக்கும். ரோல்பிளேயிங் கேம் என்று அந்த ஆட்டத்திற்குப் பெயர். மாப்பிள்ளை கதையை நடத்துவார். என் மகளும் நானும் மாடியில் குடியிருந்த பெண்ணும் ஆளுக்கொரு வேடம் ஏற்று அக்கதைக்குள் நடமாடுவோம். செய்ய நினைப்பதை வாயால் சொல்ல வேண்டும். அது பலித்ததா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை சொல்லிவிடும். மகள் வில்லாளி. மாடிப் பெண் படகோட்டி. எழுபத்திரண்டு வயதில் எனக்கு வாய்த்தது, கேடயம் ஏந்திய காவற்காரி வேடம்.

பேச்சாக ஓடும்வரை கதை விரைந்து செல்லும். வாளை உருவியதும் நின்றுவிடும். முதலில் அடிப்பவர் யார், இடையே எத்தனை அடி தூரம், கவசம் தோலா இரும்பா என்று விதிப்புத்தகத்தில் பாதி இதற்கே போயிருந்தது. மூன்று கொள்ளையரை விரட்ட இரண்டு மணி நேரம் ஆகும்.

"அம்மா, நீ கேடயத்தைத் தூக்கறதுக்குள்ளே காபி ஆறிடறது," என்பாள் மகள்.

"ஆறினா சுட வச்சுக்கோ. அவன் எந்தப் பக்கம் வரான்னு தெரியாம எப்படித் தூக்கறது?"

ஒருநாள் மாப்பிள்ளை வேறொரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். "போருக்கு ஒரே பகடைதான். ஜெயமா தோல்வியா, அவ்வளவே. கதை ஓடும்."

நான் இணங்கவில்லை. நான் ஓதி வளர்ந்த நாலடிப் பாசுரங்களில் ஓர் அசுரன் அரை அடிக்குள் மடிந்துபோவான் என்பது உண்மைதான். கேட்பவர்க்கு அந்தப் போர் முழுவதும் முன்பே தெரியும். நாண் ஒலித்ததும் அம்பு பாய்ந்ததும் வேறிடத்தில் விரிவாகச் சொல்லப்பட்டிருப்பதால்தான் அந்தச் சுருக்கம் இனிக்கிறது. எங்கள் மேசைப் போரோ யாருக்கும் தெரியாதது. அதை யார் நமக்காக முன்பே விரித்து வைத்திருக்கிறார்கள்? இதைச் சொன்னபோது மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மெல்லிய புத்தகத்தை அலமாரியில் வைத்தார்.

பிறகு மாடிப் பெண்ணுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. அவள் திருநெல்வேலிக்காரி, கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை; இங்கே வந்த மூன்று வருடத்தில் பேச்சில் மலையாளமும் ஒட்டியிருந்தது. தம்பானூரில் அவள் ரயிலேற வேண்டிய ஞாயிறன்றே கடைசி ஆட்டத்தையும் வைத்துக்கொண்டோம். ஆற்றங்கரைக் கோட்டை வாசலில் சண்டை மூண்டது. ஐந்து மணிக்குப் படகோட்டி கதாயுதத்தால் அடிபட்டு விழுந்தாள். விழுந்தவர் ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்ட வேண்டும். பத்துக்கு மேல் வந்தால் பிழைப்பார், மும்முறை குறைந்தால் மரணம். இருமுறை குறைந்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"பிழைச்சுட்டான்னு வச்சுப்போம், நேரமாச்சு," என்றார் மாப்பிள்ளை.

"வேண்டாம் சேட்டா. மூணு வருஷமா அவதான் நான். சும்மா பிழைக்க வச்சா அது நானில்ல."

"மிச்சத்தை அடுத்த வாரம் ஃபோன்ல ஆடிக்கலாமே," என்றாள் மகள்.

நான் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டேன். "பாராயணத்திலே யாராவது மூர்ச்சையாக் கிடக்கிற இடத்திலே புஸ்தகத்தை மூடப்படாது. அவா எழுந்திருக்கிற வரைக்கும் வாசிச்சுட்டுத்தான் கற்பூரம்."

"மாமி, ரயில் பாராயணம் கேக்க நிக்காது, கேட்டோ?"

"இத்தனை விதியும் வேணும்னு நின்னது நீங்கதானே அம்மா," என்றார் மாப்பிள்ளை. விதிப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் மற்றவர்களோடு ஆட்டோவில் ஏறினேன். கிழக்கேகோட்டைச் சாலை நெரிசலில் நின்ற நேரமெல்லாம் படித்துக்கொண்டே போனேன்.

நடைமேடையில் அவளுடைய பெட்டியைப் படுக்கவைத்தோம். அவளுக்குக் கட்டிக்கொடுத்த தயிர்சாத டப்பாவின் மூடியே பகடைத் தட்டாயிற்று. ரயில் வந்து நின்றிருந்தது. மாப்பிள்ளை, பின்னால் ஓடிவந்த மகள், நான், அவள் என்று நால்வரும் பெட்டியைச் சுற்றிக் குனிந்து நின்றோம். மகளின் அம்பு தவறியது. அடுத்தது என் முறை.

"கேடயத்தைக் கீழே போட்டுட்டு மண்டி போடறேன். ரெண்டு கையாலேயும் அவ காயத்தை அமுக்கிப் பிடிக்கிறேன். அவ இனி ரெண்டு தடவை உருட்டலாம். எது நல்லதோ அது கணக்கு."

"அப்படி ஒரு விதியா? எங்கே இருக்கு?"

"கேடயப் பக்கத்துக்கு அடுத்த பக்கம். பொடி எழுத்திலே."

மாப்பிள்ளை வாங்கிப் படித்தார். "இருக்கு. ஆனா உங்க மேலே வர்ற அடியைத் தடுக்க முடியாது, அம்மா."

"வரட்டும்."

வந்தது. ஒன்பதாக இருந்த என் உயிர்ப் புள்ளி இரண்டானது. அவள் உருட்டினாள். நான்கு. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாடிப் பெண் உள்ளங்கைக்குள் பகடையைச் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு மறுபடி உருட்டினாள். மூடியின் விளிம்பில் மோதித் திரும்பி நின்றது: பதினான்கு.

"எழுந்துட்டேனா?"

"கண்ணைத் திறந்தாச்சு," என்றார் மாப்பிள்ளை. "பெட்டியைத் தூக்கு."

அவள் மூடியைத் துடைத்து டப்பாவில் மாட்டினாள், என் காலைத் தொட்டாள், ஏறிக்கொண்டாள். அந்த மாலை எனக்குத் தீபாராதனை தவறியது. பெருமாள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்றே தோன்றியது.

விரிந்த விதிகள் ஆட்டத்தை மெதுவாக்குகின்றன. இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. புனேவிலிருந்து அவள் கைப்பேசித் திரையில் வந்து உட்காருகிறாள். படகோட்டி ஒற்றைக் காலில் நின்று துடுப்பால் அடிக்கிறாள். என் கேடயம் மணலில் கிடக்கிறது. அதைக் குனிந்து எடுக்க என் ஆட்டமுறை ஒன்றை முழுவதும் இழக்க வேண்டும் என்று மாப்பிள்ளை புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்.

எடுக்கிறேன் என்றேன். மகள் காபி போட எழுந்து போனாள்.