லயத்துக்கே ஒரு நம்பர்

போன வருசம் மழைக்காலத்துல நடந்தது இது. பாடாங் செராய் பக்கத்துல நாங்க குடியிருக்கிற தோட்டத்தை வித்துட்டாங்க. வரிசை வீடுங்க இருக்கிற எங்க லயத்தைக் காலி பண்ணணும். மலிவு விலை வீட்டுக்கு மனு போடணும்னா முதல்ல டிஜிட்டல் ஐடி எடுக்கணுமாம். நான் அப்பவே எடுத்து, மனுவும் போட்டுட்டேன். பக்கத்து வீட்டு அக்கா என்ன பண்ணாங்க தெரியுமா? சாயங்காலம் வந்து, "நாளைக்குத்தானாம் கடைசி நாள், கொஞ்சம் கூட வாயேன்"னு சாவகாசமா நிக்கிறாங்க! தலையில அடிச்சுக்கிட்டு வேலைக்கு லீவு போட்டேன்.

இங்க ஒன்னு சொல்லணும். எங்க லயத்துல யார் எந்த ஆபீசுக்குப் போனாலும் என் போன் நம்பரைத்தான் குடுப்பாங்க. நான் நல்லா மலாய் பேசுவேனாம், அடிச்சா உடனே எடுப்பேனாம். யாருக்கோ ரத்தத்துல சீனி ஏறினா கிளினிக் என்னைக் கூப்பிடும். யார் பெத்த பிள்ளையோ பள்ளிக்கு மட்டம் போட்டா, வாத்தியார் என்னைப் பிடிச்சுக் கேப்பார். ஒழுங்கா ஒரு வாய் சோறு சாப்பிட முடியாது.

மறுநாள் மனு வாங்குற ஆபீஸ்லயும் அக்கா வழக்கம்போல என் நம்பரையே சொன்னாங்க. கவுண்டர்ல இருந்த மலாய்க்காரப் பொண்ணு தட்டிப் பார்த்துட்டு, "தாக் போலே லா, காக்", முடியாதுக்கான்னு கையை விரிச்சிடுச்சு. ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தானாம். அதுல ஏற்கெனவே நான் உட்கார்ந்திருக்கேன்.

"ஏன்க்கா, மகன் குடுத்த போன் இருக்கே, அதுக்கு ஒரு சிம் வாங்கிப் போட மாட்டீங்களா?"

"எதுக்கு? உன் நம்பர்தான் இருக்கே லா!"

அந்தப் போன்ல எங்க வீட்டு வைஃபையில சீரியல் மட்டும்தான் ஓடும். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. கொட்டுற மழையில அக்காவை மோட்டார் சைக்கிள்ல ஏத்திக்கிட்டு சிம் வாங்க ஓடினேன். வழியெல்லாம் திட்டு. "நான் என்ன, லயத்துக்கே டெலிபோன் பூத்தா?"ன்னு கூடக் கேட்டுட்டேன். திரும்பி வந்தா, ஐடிக்கு முகத்தைப் படம் பிடிக்கிறப்பல்லாம் கண்ணை மூடிக்கிறாங்க! மனு போகலேன்னா இந்த மனுசிக்குப் போக்கிடமே இல்லையே!

கவுண்டர் மூடப் போற நேரத்துல ஒருவழியா மனு உள்ள போச்சு. அப்பாடான்னு எந்திரிச்சேன். அந்தப் பொண்ணு விடல. என் மனுவையும் திறந்து பார்த்திருக்கு. அவசரத்துக்குக் கூப்பிடச் சொல்லி நான் குடுத்திருந்த நம்பர் உயிரோட இல்லையாம், வேற சொல்லுங்கன்னு கேட்டுச்சு.

அது என் வீட்டுக்காரர் நம்பர். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அதை மாத்த எனக்கு மனசு வரல. பிள்ளைகளும் இல்ல. பாதி லயத்துக்கு நான் பதில் சொல்றேன், எனக்குன்னு சொல்ல ஒரு நம்பர் இல்ல.

"என் நம்பரைப் போடச் சொல்லு"ன்னாங்க அக்கா. மனப்பாடம் ஆகலியே, ஈரமான சிம் அட்டையைக் கண்ணுக்கிட்ட வச்சு ஒவ்வொரு எண்ணா நிதானமா படிச்சாங்க. இன்னொருத்தருக்காக அவங்க நம்பர் முதல் முதல்ல ஏறினது என் மனுவுலதான்.

இப்பவும் ஊரான் வீட்டு விஷயத்துக்கு என் போன்தான் அடிக்குது, நானும் முணுமுணுத்துக்கிட்டேதான் எடுக்கிறேன். ஆனா எனக்கு ஒன்னுன்னா அன்னிக்கு அடிக்கப் போறது அக்கா போன்தான்கிற நினைப்பு வந்ததும், வந்த கோவம் பாதியிலேயே நின்னுடுது.