பாலாடையில் ஊட்டிய பால்

எனக்கு வயது எழுபத்தொன்று. ஆறு பிள்ளை பெற்று ஆறையும் வளர்த்து ஆளாக்கியவள். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் பிள்ளை வளர்ப்பில் எனக்கு யாரும் பாடம் சொன்னதில்லை.

திருச்சிக்குள் வெள்ளம் புகுந்த மறுவருடம், கடைசி மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. நான்காம் நாள் ஈரத்துணி மாற்றும்போது வெல்லப்பாகு வாசனை அடித்தது.

"என் பேத்தி துணியில அதிரசப் பாகு மணக்குதுடி" என்று பக்கத்து வீட்டு மங்களத்திடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப தீபாவளிக்கு உங்களுக்கு வெல்லச் செலவு மிச்சம்க்கா" என்று அவள் சிரித்தாள்.

ஆறாம் நாள் குழந்தை மார்பைப் பிடிக்கவில்லை. கைகால் துவண்டது. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் கண் திறந்து பார்த்தாள்.

"டாக்டர் சொல்ற வரைக்கும் பால் குடுக்காதீங்கம்மா" என்றாள் நர்ஸ்.

பச்சைக் குழந்தையைப் பட்டினி போடுவதா? அவள் அந்தப் பக்கம் போனதும் செல்வியிடம், "பீச்சிக் குடுடி, நர்ஸ் சரின்னுட்டாங்க" என்றேன். இரண்டு நாள், யாரும் பார்க்காதபோது பாலாடைச் சங்கில் நான்தான் ஊட்டினேன்.

பதினோராம் நாள் போய்விட்டாள்.

குழந்தையின் சிறுநீரில் மருந்து விட்டதும் மஞ்சளாகத் திரிந்ததாம். டாக்டர் சொன்னார்: "பால்ல இருக்கிற புரதம், அதாவது உடம்பை வளர்க்கிற சத்து, உடையும்போது கீட்டோ அமிலம் உண்டாகும். நமக்கெல்லாம் அதுவும் உடைஞ்சு சக்தியாயிடும். இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே அது முடியல. தேங்கி மூளையைத் தாக்கிடுச்சு. பாகு வாசனை இந்த நோயோட அடையாளம். பாலை நிறுத்தினாலும் பிழைக்கிறது கஷ்டம்தாம்மா."

நான் ஊட்டியது அவருக்குத் தெரியாது.

தாழ்வாரத்தில் செல்வி கேட்டாள்: "அம்மா, என் பால்தானா அவளைக் கொன்னுச்சு?"

நான் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். அதன்பின் அவள் பிள்ளையே வேண்டாமென்று இருந்துவிட்டாள்.

பச்சைக் குழந்தையின் துணியில் பாகு வாசனை வந்து, பாலும் குடிக்காவிட்டால், அன்றே டாக்டரிடம் போங்கள். அவர் வேண்டாம் என்றதைக் கொடுக்காதீர்கள்.

இந்தக் கை ஆறு பேருக்குச் சோறு ஊட்டியது. அத்தனை வருடமும் அதற்கு மறந்துவிட்டது. அந்த இரண்டு நாள்தான் விரலில் நிற்கிறது.

நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் எழுதிய மகன் வயிற்றுப் பேத்தி கௌரியைக் கூப்பிட்டேன்.

"எழுதினதைப் படி கண்ணு. செல்வி அத்தை அடுப்படியில இருக்கா. அவ காதுல விழற மாதிரி சத்தமாப் படி."